செஸ்ஸின் மாற்று வடிவங்கள்: உங்கள் கிளப்புக்கு எது பொருந்தும்?

செஸ் வகுப்பு நடத்துபவர்களும் பள்ளி செஸ் கிளப்பைக் கவனிக்கும் ஆசிரியர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். வழக்கமான ஆட்டத்தோடு வேறொரு வடிவத்தையும் ஆட வைக்கலாமா? வைத்தால் எதை? லிசெஸ் தளத்தைத் திறந்தால் எட்டு வகை வரிசையாக நிற்கிறது. செஸ்.காம் பக்கம் போனால் பட்டியல் இன்னும் நீளம். பிள்ளைகளைக் கேட்டால் எது அதிகம் வெடிக்கிறதோ அதைத்தான் கேட்பார்கள்.

வகைகளின் பெயர்களை வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒவ்வொரு வகையும் வழக்கமான செஸ்ஸிலிருந்து எதைக் கழற்றுகிறது என்று பார்ப்பதே சரியான வழி. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கும் 960 கழற்றுவது ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடத்தை. வெட்டிய காய் பலகைக்குத் திரும்பும் பக்ஹவுஸ் கழற்றுவது எண்ட்கேமை (காய் குறைந்த இறுதிக் கட்டம்). மூன்று செக் வைத்தால் வெற்றி என்னும் த்ரீ செக் கழற்றுவது, காயை எண்ணி லாப நஷ்டம் பார்க்கும் பழக்கத்தை. உங்கள் ஆட்டக்காரருக்கு இப்போது இடைஞ்சலாக இருப்பது எதுவோ அதைக் கழற்றும் வடிவத்தை எடுங்கள். அவர் இன்னும் கற்று முடிக்காத ஒன்றைக் கழற்றும் வடிவத்தைத் தள்ளிப்போடுங்கள்.

960: முதலில் பார்க்க வேண்டியது

1996 ஜூன் 19 அன்று அர்ஜென்டினாவின் போயனஸ் அயர்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் அறிவித்த வடிவம் இது. இப்போது ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் பெரிய பரிசுப் போட்டிகள் நடப்பதும் இதில்தான். சிப்பாய்கள் வழக்கமான இடத்தில் நிற்கும். பின்வரிசைக் காய்களை மட்டும் குலுக்கல் முறையில் அடுக்க வேண்டும். கட்டுப்பாடு இரண்டுதான்: இரண்டு பிஷப்பும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும். கறுப்புக் கட்ட பிஷப்புக்கு நான்கு கட்டம், வெள்ளைக் கட்ட பிஷப்புக்கு நான்கு, ராணிக்கு ஆறு, இரண்டு குதிரைகளுக்குப் பத்து வழி, மீதி மூன்றில் யானை, ராஜா, யானை. 4 × 4 × 6 × 10 = 960. நாம் தினமும் ஆடும் அடுக்கும் இந்தப் பட்டியலில் உண்டு. அதன் எண் 518.

ஆப் இல்லாமல் ஒரே ஒரு தாயக்கட்டையை வைத்தே அடுக்கிவிடலாம். ஆறு முகம் உள்ள சாதாரணக் கட்டை போதும். வெள்ளைக் காய் ஆடுபவரின் இடப்பக்கமிருந்து எண்ண வேண்டும். முதல் உருட்டல் கறுப்புக் கட்ட பிஷப்புக்கு, இரண்டாவது வெள்ளைக் கட்ட பிஷப்புக்கு. இரண்டிலும் 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். மூன்றாவது ராணிக்கு: காலியாக உள்ள ஆறு கட்டங்களில் எத்தனையாவது என்று எண்ணுங்கள். நான்காவது முதல் குதிரைக்கு, மீதி ஐந்தில் (6 விழுந்தால் மறுபடி). ஐந்தாவது அடுத்த குதிரைக்கு, மீதி நான்கில் (5, 6 விழுந்தால் மறுபடி).

3, 1, 5, 2, 4 என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கறுப்புக் கட்டங்கள் ஏ1, சி1, இ1, ஜி1. மூன்றாவது இ1, அங்கே ஒரு பிஷப். வெள்ளைக் கட்டங்களில் முதலாவது பி1, அங்கே இன்னொன்று. காலியானவற்றில் ஐந்தாவது ஜி1, அது ராணிக்கு. மிச்சத்தில் இரண்டாவது சி1, குதிரை. அடுத்த நான்கில் நான்காவது எச்1, இன்னொரு குதிரை. எஞ்சிய ஏ1, டி1, எஃப்1-இல் யானை, ராஜா, யானை.

இந்த அடுக்கை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பி2 சிப்பாய்க்குக் காவல் யாருமே இல்லை. ஏ1 யானை நேராகத்தான் போகும், பி1 பிஷப் குறுக்காகத்தான் போகும், சி1 குதிரையின் தாவலில் பி2 வராது. எதிரே பி7-க்கும் அதே நிலைதான். வெள்ளை சிப்பாயை சி4-க்கு நகர்த்தினால் பி1 பிஷப்புக்கு வழி திறந்துவிடுகிறது. கறுப்பும் அப்படியே சி5 ஆடினால், வெள்ளை பிஷப்பை இ4-க்குக் கொண்டுவந்து பி7-ஐ மிரட்டலாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்புக் குதிரை சி8-லிருந்து டி6-க்குத் தாவினால், ஒரே நகர்த்தலில் பி7-க்குக் காவலும் ஆயிற்று, இ4 பிஷப்புக்கு மிரட்டலும் ஆயிற்று, சி4 சிப்பாய்க்கும் மிரட்டல் ஆயிற்று. அவசரப்பட்ட வெள்ளைக்குத்தான் நேரம் நஷ்டம். இரண்டாவது நகர்த்தலிலேயே இத்தனை யோசனை வந்துவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. 960-இன் முழுப் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் முதல் நகர்த்தலுக்கு முன் பிள்ளைகள் ஒரு வேலை செய்யப் பழக வேண்டும்: எட்டு சிப்பாய்களையும் வரிசையாகப் பார்த்து, காவல் இல்லாதது எது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அடுக்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. கறுப்பில் உட்கார்ந்திருப்பவர் தன் இடப்பக்கமிருந்து அதே வரிசையை அடுக்கிவிடுவார். அப்போது அடுக்கு கண்ணாடிப் பிம்பமாக வராமல் தலைகீழாகச் சுற்றிவிடும். ராணிக்கு எதிரே ராணி, ராஜாவுக்கு எதிரே ராஜா நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடிகாரத்தை ஓட்டுங்கள்.

பெரும்பாலான சண்டை கேஸ்லிங்கில்தான் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) வரும். காய்கள் எங்கிருந்து கிளம்பினாலும், போய்ச் சேரும் இடம் வழக்கமான செஸ்ஸில் உள்ளதுதான். ஒரு பக்கம் ராஜா ஜி1, யானை எஃப்1. மறுபக்கம் ராஜா சி1, யானை டி1. "ராஜா இரண்டு கட்டம் நகரும்" என்று பாடம் செய்தவர்கள் அதை மறந்தே ஆக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் யானை ஏற்கெனவே எஃப்1-இல் இருக்கிறது. அது அசையாது, ராஜா மட்டும் டி1-லிருந்து ஜி1-க்குப் போகும். அதற்கு இ1 பிஷப்பும் ஜி1 ராணியும் விலகியிருக்க வேண்டும். ராஜா கடக்கும் இ1, எஃப்1-உம் சேரும் ஜி1-உம் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது. இன்னொரு நுணுக்கம்: யானை பி1-இல் நின்று, ஏ1-இல் எதிரி ராணி இருந்தால், அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது. யானை டி1-க்குப் போனதும் சி1 ராஜா செக்கில் மாட்டும்.

பலகையில் ஆடும்போது "கேஸ்லிங்" என்று வாயால் சொல்லிவிட்டு, ராஜாவைத் தூக்கிப் பலகைக்கு வெளியே வைத்து, யானையை நகர்த்தி, பிறகு ராஜாவை வையுங்கள். அப்போது எந்தக் காயைத் தொட்டாய் என்ற வாதம் எழாது. ஆப்பில் ராஜாவை இழுத்து யானையின் மேல் விட வேண்டும்.

எல்லா அடுக்கும் இரு தரப்புக்கும் சமமல்ல. சிலவற்றில் முதலில் நகர்த்தும் வெள்ளைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சாதகம் இருக்கும். அதனால் ஒரே அடுக்கில் நிறம் மாற்றி இரண்டு ஆட்டம் வையுங்கள். நேரம் ஆளுக்கு 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடியும் இருந்தால் நல்லது. ஐந்து நிமிட ஆட்டத்தில் யோசிக்க நேரம் இல்லாமல் எல்லோரும் பழைய பழக்கத்தையே ஆடுவார்கள். 960 வைத்த பலன் போய்விடும்.

மேல்மட்டத்தில் இது தரவரிசையை எப்படிக் குலுக்குகிறது என்பதற்கு 2019-இல் நார்வேயில், உலகச் செஸ் அமைப்பான ஃபிடே நடத்திய ஃபிஷர் ரேண்டம் (960) உலகச் சாம்பியன்ஷிப் இறுதியே சாட்சி. வெஸ்லி சோ 13.5–2.5 என்ற கணக்கில் அன்றைய வழக்கமான செஸ் உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். 2025 ஜூலையில் லாஸ் வேகஸ் ஃப்ரீஸ்டைல் போட்டியின் குழுச் சுற்றில் நம் பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்ததும் இதே வடிவத்தில்தான்.

புதிதாகக் கற்பவருக்கு 960 வேண்டாம். நடுக் கட்டங்களைப் பிடிப்பது, குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவருவது, சீக்கிரம் கேஸ்லிங் செய்வது போன்றவை உடம்பில் ஊறிய பிறகுதான், அவற்றை வேறு அடுக்கில் தேடிக் கண்டுபிடிப்பதில் பயன் உண்டு. நூறு ஆட்டமாவது ஒழுங்காக ஆடி முடித்தவர் தாராளமாக இறங்கலாம்.

கேஸ்லிங் இல்லாத செஸ்

செலவே இல்லாத மாற்றம் இது. அதே பலகை, அதே அடுக்கு, கேஸ்லிங் மட்டும் கிடையாது. முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 2019-இல் முன்வைத்தார். அடுத்த ஆண்டு கூகுளின் டீப்மைண்ட் குழுவோடு சேர்ந்து, அவர்களின் செஸ் ஆடும் செயற்கை நுண்ணறிவான ஆல்பாஸீரோவை வைத்து ஒன்பது மாற்று விதிகளை ஆராய்ந்தபோது அதில் இதுவும் ஒன்று. 2021-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் விஸ்வநாதன் ஆனந்த் இதே விதியில் கிராம்னிக்கை 2.5–1.5 என்று வென்றார்.

ஒரு விதியை எடுத்ததற்கா இவ்வளவு என்று தோன்றலாம். எண்ணிப் பாருங்கள். வழக்கமான ஆட்டத்தில் கேஸ்லிங் ஒன்று, யானை இ1-க்கு ஒன்று: இரண்டே நகர்த்தலில் ராஜா பத்திரம், யானையும் வேலைக்கு வந்துவிடும். இங்கே ஜி3, ராஜா எஃப்1, ராஜா ஜி2, யானை இ1 என்று நான்கு வேண்டும். அந்த இரண்டு கூடுதல் நகர்த்தலுக்குள் எதிரி நடுவில் திறந்துகொண்டு வந்துவிடுவான். அதனால் இ வரிசைச் சிப்பாய்களை வெட்டித் திறப்பதற்கு முன் ராஜாவின் வழியை முடிவு செய்துவிட வேண்டும். ஜி சிப்பாயை நகர்த்தாமல் ராஜாவை எஃப்1-இல் விட்டால், எச்1 யானை மூலையில் அடைபட்டுக் கிடக்கும். அதை எச்4, யானை எச்3 என்று பக்கவாட்டில் எடுக்க வேண்டிவரும்.

960-இல் அந்நியமாகத் திகைத்துப்போகும் ஆட்டக்காரருக்கு இது நல்ல படிக்கட்டு. முதல் நான்கைந்து நகர்த்தல் பழகியதாகவே இருக்கும், பிறகு தரை மாறும். ராஜாவைக் கேஸ்லிங் செய்துவிட்டு மறந்துவிடும் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் இதைக் கொடுங்கள். ராஜாவின் பாதுகாப்பைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

பக்ஹவுஸும் கிரேஸிஹவுஸும்

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெட்டிய காய் செத்துப்போகாது, திரும்பிப் பலகைக்கு வரும். நகர்த்துவதற்குப் பதிலாகக் கையிலுள்ள காயைக் காலிக் கட்டத்தில் வைக்கலாம். சிப்பாயை முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் வைக்கக் கூடாது. பதவி உயர்ந்த சிப்பாயை வெட்டினால் அது மறுபடி சிப்பாயாகவே கைக்கு வரும். அதனால் அப்படி உயர்ந்த ராணிக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி வையுங்கள், இல்லையென்றால் பத்து நகர்த்தல் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

கிரேஸிஹவுஸ் இருவர் ஆட்டம். நீங்கள் வெட்டிய கறுப்புக் குதிரை உங்கள் வெள்ளைக் குதிரையாக வேண்டும் என்பதால், மாற்றிக்கொள்ள இன்னொரு காய் செட் தேவை. பக்ஹவுஸ் நால்வர் ஆட்டம். இரண்டு பலகை, இரண்டு கடிகாரம். கூட்டாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிரெதிர் நிறம் ஆடுவார்கள். நீங்கள் வெட்டும் கறுப்புக் காயைக் கறுப்பு ஆடும் கூட்டாளியிடம் அப்படியே கொடுத்துவிடலாம், நிறம் மாற்றும் தொல்லை இல்லை. கிளப்பில் பலகையில் ஆடுவதற்குப் பக்ஹவுஸும், ஆன்லைனுக்குக் கிரேஸிஹவுஸும் எளிது.

ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதை ஒரே நிலையில் பார்த்துவிடலாம். கறுப்பு ராஜா ஜி8-இல், முன்னால் எஃப்7, ஜி7, எச்7 சிப்பாய்கள். வெள்ளை யானை இ8-இல் வந்து செக் வைக்கிறது. அதை வெட்டக் காய் எதுவும் இல்லை. வழக்கமான செஸ்ஸில் கதை முடிந்தது. கிரேஸிஹவுஸில் கறுப்பின் கையில் ஒரு குதிரை இருந்தால் எஃப்8-இல் வைத்துத் தப்பிவிடும். கையில் சிப்பாய்கள் மட்டும் இருந்தால், எத்தனை இருந்தாலும் மேட்தான், ஏனென்றால் எஃப்8 கடைசி வரிசை. தூரத்திலிருந்து வைக்கும் செக்கை இப்படிக் குறுக்கே காய் வைத்து மறிக்கலாம். குதிரை வைக்கும் செக்கையும் ராஜாவை ஒட்டி நின்று வைக்கும் செக்கையும் மறிக்க வழியே இல்லை. அதனால்தான் இந்த வடிவங்களில் குதிரைக்கும் சிப்பாய்க்கும் மதிப்பு ஏறுகிறது, யானையின் மதிப்பு இறங்குகிறது.

பக்ஹவுஸில் இன்னொரு கணக்கும் சேரும். ராணிக்கு ராணி மாற்றுவது இங்கே சமமான வியாபாரம் அல்ல. நீங்கள் இழந்த ராணி உங்கள் கூட்டாளியை எதிர்த்து ஆடுபவர் கைக்குப் போகிறது. பக்கத்துப் பலகையில் கூட்டாளியின் ராஜா தடுமாறிக்கொண்டிருந்தால், ஒரு குதிரையைக்கூட வெட்டுக் கொடுக்காதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் நான்கு விஷயங்களைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், கூடுதல் விநாடி கிடையாது, இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் ஓடும். காய் வைத்து நேரடியாக மேட் செய்யலாமா, கூடாதா. கூட்டாளியோடு பேசலாமா. தூரத்துச் செக்கில் மாட்டியவர், மறிக்கக் காய் வரட்டும் என்று தன் கடிகாரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கலாமா. இந்தக் கடைசி விஷயத்தில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறுகிறது, பாதிச் சண்டை இதனால்தான் வரும். ஒரு பலகையில் முடிந்தால் இரண்டும் முடிந்தது.

பிள்ளைகள் இதை உயிராக விரும்புவார்கள். செஸ்ஸின் தனிமையை இது உடைக்கிறது. தோற்ற குழந்தைக்கும் பக்கத்தில் ஒரு தோழன் இருக்கிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே மாதம் ஒரு முறை வைக்கத் தகும். ஆனால் இதை அதிகம் ஆடியவர்கள் வழக்கமான ஆட்டத்திலும் காயைத் தூக்கிக் கொடுத்துத் தாக்க ஆரம்பிக்கிறார்கள், திரும்ப வரும் என்ற ஞாபகத்தில். எண்ட்கேம் என்ற ஒன்றே இதில் வருவதில்லை என்பதால், ராஜா–சிப்பாய் முடிவுகளை இன்னும் கற்காத பிள்ளைக்கு இது வாராந்திரப் பயிற்சியாகக் கூடவே கூடாது.

த்ரீ செக்

மூன்றாவது செக் வைத்தவர் வென்றார். விதி இவ்வளவுதான், எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் புரியும்.

இ4 இ5, பிஷப் சி4, குதிரை சி6. வழக்கமான செஸ்ஸில் கறுப்புக்கு எந்தக் குறையும் இல்லாத நிலை. இங்கே பிஷப் எஃப்7-ஐ வெட்டி முதல் செக். ராஜா அதை வெட்டினால், ராணி எச்5-க்கு வந்து இரண்டாவது செக். ஜி6 என்று மறித்தால் ராணி ஜி6-ஐ வெட்டி மூன்றாவது. ராஜா இ7-க்கு ஓடினால் ராணி இ5-ஐ வெட்டி மூன்றாவது. எஃப்6, எஃப்8, இ6 எதற்குப் போனாலும் ராணி எஃப்5-க்கு வந்தால் போதும். ராணியை அடுத்த நகர்த்தலில் வெட்ட முடியும் என்பதற்கு அர்த்தமே இல்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. ஆகவே பிஷப்பை வெட்டாமல் ராஜா இ7-க்கு நகர்வதே கறுப்புக்கு வழி. பிஷப் சி4-க்கு வந்தபோதே குதிரையை எஃப்6-இல் வைத்திருந்தால், எச்5-க்கு வரும் ராணியை அது வெட்டிவிடும், வெள்ளைக்கு இரண்டு செக்கோடு காய் தீர்ந்துபோகும்.

"எதிரிக்கு என்னென்ன செக் இருக்கிறது?" என்று ஒவ்வொரு நகர்த்தலிலும் கேட்க மறக்கும் ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பத்து நிமிட ஆட்டமாக, வகுப்பின் கடைசி அரை மணியில் வையுங்கள். அதற்கு மேல் நீட்டினால், தேவையில்லாத செக்குகளை வைத்து எதிரியின் காய்க்கு நல்ல இடம் அமைத்துக் கொடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

மற்றவை, சுருக்கமாக

கிங் ஆஃப் த ஹில்: ராஜா டி4, இ4, டி5, இ5 நான்கில் ஒன்றை அடைந்தாலும் வெற்றி. எண்ட்கேமில் ராஜாவை நடுவுக்குக் கொண்டுவரத் தயங்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

அட்டாமிக்: வெட்டு நடந்த கட்டத்தைச் சுற்றியுள்ள காய்கள் சிப்பாய் தவிர எல்லாம் வெடித்துப் போகும். குதிரை எஃப்3 என்று வெள்ளை ஆரம்பித்தால், அடுத்து ஜி5, அதற்கடுத்து எஃப்7-ஐ வெட்டினால் பக்கத்திலுள்ள ராஜாவும் போய்விடும். கறுப்பு எஃப்6 ஆடித் தடுப்பது அதனால்தான். ஆழமான ஆட்டம். ஆனால் இதில் கற்றது வழக்கமான செஸ்ஸுக்குக் கொஞ்சமும் கைகொடுக்காது. இதற்காகவே ஆட விரும்புபவர் ஆடட்டும், பயிற்சி என்ற பெயரில் வேண்டாம்.

ஆன்டிசெஸ்: எல்லாக் காயையும் இழப்பவர் வெற்றி, வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். இ3 என்று ஆரம்பிக்கும் வெள்ளை வென்றே தீரும் என்று 2016-இல் கணினியால் நிறுவிவிட்டார்கள், டி4 என்று ஆரம்பித்தால் தோல்வி. அந்த விடைகளை யாரும் மனதில் வைத்திருக்க முடியாது என்பதால் ஆட்டம் கெடவில்லை. காய் நகர்வை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு, பலகையிலுள்ள எல்லா வெட்டுகளையும் தேட வைக்கும் நல்ல விளையாட்டு.

வெள்ளைக்கு 36 சிப்பாய் கொடுக்கும் ஹோர்ட், எதிரியின் காய்கள் மறைந்திருக்கும் ஃபாக் ஆஃப் வார் இரண்டும் ஆன்லைனுக்கே சரி. யானையும் குதிரையும் சேர்ந்த ஒன்று, பிஷப்பும் குதிரையும் சேர்ந்த ஒன்று என்று புதுக் காய்களோடு பத்துக்கு எட்டுக் கட்டப் பலகையில் ஆடும் கபாபிளாங்கா செஸ் போன்றவற்றுக்குப் பலகையும் காயும் கடையில் கிடைப்பது அரிது. ஒரு கிளப் அதில் பணம் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எப்படி முடிவெடுப்பது

ஓப்பனிங் வரிசைகளை ஒப்பித்துவிட்டு எட்டாவது நகர்த்தலில் திகைக்கும் பிள்ளைகள் அதிகம் என்றால் 960. ராஜாவின் பாதுகாப்பில் கவனமில்லை என்றால் கேஸ்லிங் இல்லாத செஸ். ஒரே நகர்த்தல் மிரட்டலைத் தவறவிடுகிறார்கள் என்றால் த்ரீ செக். வகுப்புக்கு வருவதே குறைந்துவருகிறது என்றால் யோசிக்காமல் பக்ஹவுஸ். ஒன்றுதான் எடுக்க முடியும் என்று கேட்டால் எங்கள் பதில் 960. கற்றது அப்படியே வழக்கமான ஆட்டத்துக்குத் திரும்பி வருவது அதில்தான் அதிகம், எண்ட்கேமும் முழுசாக மிஞ்சுகிறது.

வாரம் இரண்டு வகுப்பு என்றால் மாதத்துக்கு எட்டு வகுப்பு. ஆறை வழக்கமான செஸ்ஸுக்கே விடுங்கள், ஒன்றை 960-க்கு, ஒன்றில் பாதியைப் பக்ஹவுஸுக்கு. ரேட்டிங் போட்டிக்கு முந்தைய வாரத்தில் எதுவும் வேண்டாம். 960-இல் கை பழகியவர் வழக்கமான பலகையில் கேஸ்லிங்குக்கு யானையை முதலில் தொட்டுவிட்டால், தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதிப்படி நடுவர் யானையைத்தான் நகர்த்தச் சொல்வார்.